பொருளியல் அறிஞர்கள் முரண்படும்போது சேமிப்பாளர் யாரை நம்புவது?

வட்டி விகிதம் இனி ஏறுமா, இறங்குமா? ரூபாயின் மதிப்புச் சரிவு நாட்டுக்கு நன்மையா, தீமையா? அரசு கடன் வாங்கிச் செலவிடுவது வளர்ச்சிக்கு வழியா, விலையேற்றத்துக்கு விதையா? இவ்வினாக்களுக்குத் தொலைக்காட்சியில் ஒரு பொருளியல் அறிஞர் ஒரு விடை தருகிறார். மறுநாள் நாளிதழில் மற்றோர் அறிஞர் அதற்கு நேர்மாறான விடையை எழுதுகிறார். இருவரும் உயர்ந்த பட்டங்கள் பெற்றவர்கள். இருவரும் புள்ளிவிவரங்களை அடுக்கிக் காட்டுகிறார்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வணிகம் செய்யும் ஒருவரோ, ஓய்வூதியப் பணத்தைக் குறித்தகால வைப்பில் போட்டிருக்கும் ஓர் ஆசிரியரோ இதில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

வங்கி முகப்பில் அமர்ந்திருக்கும் எங்களிடம் இக்கேள்வி அடிக்கடி வருகிறது. "மருத்துவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கணக்காயர்களுக்கு நிறுவனம் இருக்கிறது, பொருளியலாளர்களுக்கும் அப்படி ஓர் அமைப்பு இருந்து, இதுதான் சரி என்று ஒரே குரலில் சொல்லக் கூடாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. அத்தகைய அமைப்புகள் இருக்கின்றன. ஆயினும் அவை ஒரே குரலில் பேசுவதில்லை. அதற்கான காரணத்தை அறிந்துகொண்டால், பொருளியல் விவாதங்களைக் கேட்கும் முறையும் நமக்குத் தெளிவாகும்.

சங்கங்கள் தோன்றிய வரலாறு

பொருளியலாளர்களின் தொழில்முறைச் சங்கங்களில் புகழ்பெற்ற ஒன்று அமெரிக்கப் பொருளியல் சங்கம். அது 1885ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் சரட்டோகா நகரில் தொடங்கப்பட்டது. அதைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற ரிச்சர்டு ஈலி, மக்கள் முன்னேற்றத்தில் அரசுக்குப் பெரும் பங்கு உண்டு என்ற கருத்தைச் சங்கத்தின் கொள்கை விளக்கத்திலேயே இடம்பெறச் செய்தார். தடையற்ற சந்தையை ஆதரித்த அறிஞர்கள் சிலர் அதனை ஏற்காமல் விலகி நின்றனர். ஒரு கொள்கையைச் சங்கத்தின் கொடியாக உயர்த்தினால், அறிஞர் குழாம் இரண்டாகப் பிளந்துவிடும் என்பது விரைவில் விளங்கிற்று. சில ஆண்டுகளிலேயே அக்கொள்கை விளக்கம் கைவிடப்பட்டது. நடைமுறைப் பொருளியல் சிக்கல்களில் சங்கம் எந்தத் தரப்பையும் சாராது, தன் உறுப்பினர்களை எந்த நிலைப்பாட்டுக்கும் கட்டுப்படுத்தாது என்பது அச்சங்கத்தின் நெறியாக நிலைபெற்றது.

இங்கிலாந்தில் 1890இல் பிரிட்டிஷ் பொருளியல் சங்கம் அமைந்தது. பின்னர் அதுவே அரச பொருளியல் கழகம் என்று பெயர் பெற்றது. நம் நாட்டில் இந்தியப் பொருளியல் சங்கம் 1917இல் உருவாயிற்று. நூறாண்டைக் கடந்துவிட்ட இச்சங்கம் ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடுகிறது. மன்மோகன் சிங் 1985இலும், அமர்த்தியா சென் 1989இலும் அதன் தலைவர்களாக இருந்தனர். இவ்விருவரின் பொருளியல் நோக்குகளும் எல்லா இடங்களிலும் ஒத்துச் செல்பவை அல்ல. அப்படிப்பட்ட இருவரையும் தலைமைப் பீடத்தில் அமர்த்த முடிந்ததே அச்சங்கத்தின் இயல்பைக் காட்டிவிடுகிறது.

ஒரே தீர்ப்பு ஏன் கிடைப்பதில்லை?

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மிளகு இறக்குமதிக்கான வரியை அரசு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாலைக் கடைத்தெருவின் மொத்த வணிகருக்குச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். வீட்டுச் சமையலுக்கு வாங்குபவருக்கும் சிறிது செலவு குறையும். இடுக்கியிலும் வயநாட்டிலும் மிளகுக்கொடி வளர்க்கும் உழவருக்கோ விளைபொருளின் விலை சரியும்.

இதில் மூன்று வகைக் கேள்விகள் அடங்கியுள்ளன. முதலாவது, நிகழ்ந்தது என்ன என்பது: எவ்வளவு மிளகு வந்தது, விலை எவ்வளவு இறங்கிற்று? இதற்குக் கணக்கு விடை சொல்லும். இரண்டாவது, எதனால் நிகழ்ந்தது என்பது: விலை இறங்கியது வரிக்குறைப்பினாலா, அவ்வாண்டின் நல்ல விளைச்சலினாலா? இங்கே அறிஞர்கள் வெவ்வேறு முறைகளைக் கையாண்டு வெவ்வேறு முடிவுகளுக்கு வரக்கூடும். மூன்றாவது, எது தகும் என்பது: வாங்குபவரின் நலத்தை முன்வைப்பதா, உழவரின் வாழ்வை முன்வைப்பதா? இக்கேள்விக்குப் பொருளியல் தனியாக விடை தர இயலாது. அது மக்களும் அவர்தம் மன்றங்களும் முடிவு செய்ய வேண்டியது.

பொது விவாதத்தில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒருவர் மூன்றாவது கேள்விக்கான தம் விருப்பத்தை, முதலாவது கேள்விக்கான கணக்கைப்போல் கூறுகிறார். இக்கலப்பைப் பிரித்துக் காட்டுவதே தொழில்முறைச் சங்கம் ஒன்று ஆற்றத்தக்க தலையாய பணி. அது தீர்ப்பு வழங்கும் நீதிமன்றம் ஆகாது. வாதங்கள் ஒழுங்காக எடுத்துரைக்கப்படவும், சான்றுகள் சோதிக்கப்படவும், சிறுபான்மைக் கருத்து அழிந்துபோகாமல் பதிவாகவும் அது ஓர் அரங்கை அமைத்துத் தருகிறது. அவ்வளவே, ஆனால் அது சிறிய பணி அன்று.

1955: ஒரு மறுப்புக் குறிப்பு

சிறுபான்மைக் கருத்தைப் பதிவு செய்வதன் பயனை உணர்த்தும் நிகழ்ச்சி நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்த 1955ஆம் ஆண்டு அது. திட்ட வரைவைச் சீர்தூக்கிப் பார்க்கப் பொருளியலாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அன்றைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அதற்குத் தலைவர். நாட்டின் முன்னணிப் பொருளியலாளர்கள் ஏறத்தாழ இருபது பேர் அதில் இடம்பெற்றனர். கனரகத் தொழில்களுக்கு முதன்மை தரும் அத்திட்டத்தின் அடிப்படைப் போக்கை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஒருவர் மட்டும் உடன்படவில்லை. அவர் குஜராத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.ஆர். ஷெனாய். முன்பு ரிசர்வ் வங்கியில் பணியாற்றியவர்.

ஷெனாய் தனியே ஒரு மறுப்புக் குறிப்பை எழுதி அளித்தார். மக்களின் சேமிப்பு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் முதலீடு இருக்கலாம்; அந்த அளவைத் தாண்டிப் பற்றாக்குறை நிதியைக் கொண்டு திட்டத்தைப் பெருக்கினால், பண்டங்களின் அளவைவிடப் பணத்தின் அளவு மிகும்; விலைவாசி ஏறும்; அயல்நாட்டுச் செலாவணிக்கும் நெருக்கடி வரும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இத்திட்டத்தில் பொதுத்துறைச் செலவு 4,800 கோடி ரூபாய் என வகுக்கப்பட்டது. அதில் 1,200 கோடி ரூபாய், அதாவது நான்கில் ஒரு பங்கு, பற்றாக்குறை நிதியிலிருந்து வர வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. இந்த எண்களை வைத்துப் பார்த்தால் அவருடைய கவலை விளங்கும்.

பின்னர் நடந்தது என்ன? 1957–58இல் கடுமையான அயல்நாட்டுச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. இங்கிலாந்தில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் இருப்பு வேகமாகக் கரைந்தது. 1958இல் உலக வங்கியின் முன்முயற்சியால் உதவி நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று உருவாகி, இந்தியாவுக்குக் கடனுதவி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் திட்டக் காலத்தில் மொத்த விலைகள் சுமார் 30 விழுக்காடு உயர்ந்தன. அதே காலத்தில்தான் பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகளும் எழுந்தன. எனவே திட்டம் முற்றிலும் பிழை என்றோ, முற்றிலும் சரி என்றோ கூறிவிட முடியாது. அவ்விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. அது திட்ட ஆவணங்களுடன் அச்சிடப்பட்டது. பெரும்பான்மையினரின் கருத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்தக் குறிப்பை மறைத்திருந்தால், பின்வந்தோர்க்கு எதை எதனோடு ஒப்பிட்டுப் பாடம் கற்பது என்பதே தெரியாமற் போயிருக்கும்.

கையெழுத்துகளை எண்ணினால் உண்மை கிடைக்குமா?

சங்கங்கள் கட்சி சாராமல் நிற்பதால், தனித்தனி அறிஞர்கள் கூடிக் கூட்டறிக்கை வெளியிடுவது மற்றொரு வழியாக வளர்ந்துள்ளது. 1981 மார்ச் மாதம் இங்கிலாந்தில் 364 பொருளியலாளர்கள், மார்கரெட் தாட்சர் அரசின் வரவுசெலவுத் திட்டத்தைக் கண்டித்து விடுத்த அறிக்கை 'தி டைம்ஸ்' நாளிதழில் வெளிவந்தது. மந்த நிலையில் வரியை உயர்த்துவது மந்தத்தை ஆழப்படுத்தும் என்பது அவர்கள் கருத்து. ஆனால் அதன்பின் உற்பத்தி மெல்ல வளரத் தொடங்கியது. வேலையின்மையோ பல ஆண்டுகள் குறையாமல் முப்பது லட்சத்தைத் தாண்டி நின்றது. 364 பேர் தவறினார்கள் என்பவர்கள் உற்பத்தியைக் காட்டுகிறார்கள். சரியாகவே சொன்னார்கள் என்பவர்கள் வேலையின்மையைக் காட்டுகிறார்கள்.

நம் நாட்டிலும் 2019 மார்ச் மாதம் 108 பொருளியலாளர்களும் சமூக அறிவியலாளர்களும், அரசுப் புள்ளிவிவரங்களின் தன்னாட்சியும் நம்பகத்தன்மையும் காக்கப்பட வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். சில நாட்களிலேயே 131 பட்டயக் கணக்காயர்கள் அதனை மறுத்து அறிக்கை வெளியிட்டனர். 108ஐ விட 131 பெரிது என்பதால் அவர்கள் வாதம் வென்றதாகாது; முதலில் பேசியவர்கள் பொருளியலாளர்கள் என்பதாலேயே அவர்கள் வாதம் நிலைத்துவிட்டதாகவும் ஆகாது. கையெழுத்துகளின் எண்ணிக்கை ஒரு கருத்து எத்தனை பேரிடம் பரவியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அது உண்மையா என்பதை அதன் சான்றுகளே சொல்ல வேண்டும்.

உள்ளூரில் உதித்த ஒரு நல்ல கேள்வி

சான்றைச் சோதித்தல் என்றால் என்ன என்பதற்கு நம் திருவனந்தபுரமே உரிய எடுத்துக்காட்டைத் தருகிறது. பேராசிரியர் கே.என். ராஜ் முதலாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர்; தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அன்றைய கேரள முதலமைச்சர் சி. அச்சுத மேனனின் ஆதரவுடன் 1971இல் இந்நகரின் உள்ளூர்ப் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தை அவர் நிறுவினார். லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கட்டடங்கள் அம்மையத்துக்கு இன்றும் தனி அழகு.

அக்காலத்தில் வெளிவந்த தாண்டேகர், ரத் ஆகியோரின் வறுமை ஆய்வு, உணவின் கலோரி அளவைக் கொண்டு நாட்டின் வறுமையை மதிப்பிட்டது. அதன்படி கேரளத்தின் நிலை மிகவும் மோசமாகத் தோன்றியது. ஆனால் இம்மாநிலத்தில் குழந்தை இறப்பு குறைவு, மக்களின் சராசரி ஆயுள் அதிகம் என்பதைப் பிற கணக்குகள் காட்டின. பட்டினி கிடக்கும் மக்கள் எவ்வாறு நீண்ட நாள் வாழ்கிறார்கள்? இரண்டு கணக்குகளில் எங்கோ இடைவெளி இருக்க வேண்டும் அல்லவா?

வளர்ச்சி ஆய்வு மையத்தினர் இக்கேள்வியைத் துருவினர். தானியத்தை முதன்மையாகக் கொண்ட கணக்கெடுப்பில், கேரள மக்கள் பெருமளவில் உண்ணும் மரச்சீனிக்கிழங்கும் தேங்காயும் உரிய அளவில் இடம்பெறவில்லை என்பதை எடுத்துக்காட்டினர். நாஞ்சில் நாட்டிலும் தென் திருவிதாங்கூரிலும் வளர்ந்த எவருக்கும் மரச்சீனி ஏழைகளின் பசியைத் தாங்கிய உணவு என்பது தெரிந்த செய்தியே. அந்த அன்றாட அறிவு ஆய்வு முறையாக உருப்பெற்று, ஐக்கிய நாடுகள் அமைப்புக்காக இம்மையம் ஆயத்தம் செய்து 1975இல் வெளியான வறுமை, வேலையின்மை பற்றிய அறிக்கையில் இடம்பெற்றது. வருமானம் குறைந்த ஒரு மாநிலம் கல்வியிலும் உடல்நலத்திலும் எவ்வாறு முன்னேறியது என்று உலகெங்கும் நடந்த விவாதத்துக்கு அவ்வறிக்கை ஒரு தொடக்கமாயிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கேரளத்தின் பெருமையைக் காக்க வேண்டும் என்று யாரும் குரல் எழுப்பவில்லை. 'இந்த எண் எப்படி வந்தது?' என்ற ஒரே கேள்வியே விவாதத்தின் திசையைத் திருப்பியது. 1998இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இம்மையம் நடத்திய கேரள இடப்பெயர்வுக் கணக்கெடுப்பும் அதே மரபில் வந்தது. வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் பற்றிய பேச்சு, வெறும் ஊகமாக நில்லாமல் வீடு வீடாகத் திரட்டிய தரவுகளின்மேல் நிற்பதற்கு அது உதவிற்று. அயல்நாடுவாழ் இந்தியரின் வைப்புகளை நாள்தோறும் கையாளும் வங்கியாளர்களான எங்களுக்கு அதன் பயன் நன்கு தெரியும்.

அரசியாரின் கேள்வியும் ஒழுக்க நெறியும்

அறிஞர் குழாம் முழுவதுமே ஒன்றைக் காணத் தவறிய நிகழ்ச்சியும் உண்டு. 2008ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடியின்போது லண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்ற இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் அரசியார், இதனை ஏன் ஒருவரும் முன்கூட்டியே கவனிக்கவில்லை என்று கேட்டார். சாலைக் கடைத்தெருவில் எவரும் கேட்கக்கூடிய எளிய கேள்விதான். பிரிட்டிஷ் அகாடமி அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்து, 2009 ஜூலையில் கடிதம் வாயிலாக விடையளித்தது. ஒவ்வோர் இடரையும் தனித்தனியே கவனித்தவர்கள் பலர் இருந்தனர். அவை அனைத்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பார்க்கத் தவறிவிட்டனர் என்பது அவ்விடையின் கருத்து.

அந்நெருக்கடி மற்றொரு குறையையும் வெளிக்கொணர்ந்தது. நிதி நிறுவனங்களிடம் ஊதியம் பெற்றுவந்த சில பேராசிரியர்கள், அதனைத் தெரிவிக்காமலே நிதித்துறைக் கொள்கைகளைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன்பின் அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2012இல் ஒரு விதியைக் கொணர்ந்தது. தன் ஆய்விதழ்களில் எழுதுவோர், அப்பொருளில் நலம் கொண்ட தரப்பிடமிருந்து கடந்த மூன்று ஆண்டுகளில் 10,000 டாலருக்குக் குறையாத தொகை பெற்றிருந்தால் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்பது அவ்விதி. எது சரியான கொள்கை என்று சங்கம் கூறவில்லை. கூறுபவர் யாருடைய பணத்தைப் பெறுகிறார் என்பதை வாசகர் அறிய வழி செய்தது. தொழில்முறைச் சங்கம் ஒன்று பொது விவாதத்துக்குச் செய்யத்தக்க பெரும் உதவி இதுவே எனலாம்.

நம் வட்டி விகிதத்தில் ஒலிக்கும் மாற்றுக்குரல்

இவையெல்லாம் அறிஞர்களின் உலகத்துச் செய்திகள் என்று வாசகர் எண்ணிவிட வேண்டாம். உங்கள் வீட்டுக்கடன் தவணையிலும் வைப்பின் வட்டியிலும் இவ்விவாதம் நேரே வந்து சேர்கிறது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ரெப்போ விகிதத்தை ஆறு உறுப்பினர் கொண்ட பணக்கொள்கைக் குழு முடிவு செய்கிறது. மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள். மூவர் வெளியிலிருந்து அமர்த்தப்படுபவர்கள். பெரும்பான்மை வாக்கினால் முடிவு எட்டப்படும். வாக்குகள் சமமானால் ஆளுநரின் வாக்கு தீர்மானிக்கும். நுகர்வோர் விலைவாசி உயர்வை 4 விழுக்காட்டில், இரு பக்கமும் 2 விழுக்காடு நெகிழ்வுடன் வைத்திருப்பது குழுவின் இலக்கு.

கூட்டம் முடிந்த பதினான்காம் நாள் அதன் நடவடிக்கைக் குறிப்பு வெளியாகிறது. எந்த உறுப்பினர் எவ்வாறு வாக்களித்தார், ஏன் அவ்வாறு வாக்களித்தார் என்பதெல்லாம் அதில் உள்ளன. 1955இல் ஒருவர் தனியே எழுதிக்கொடுத்த மறுப்புக் குறிப்பு, இன்று சட்டம் வகுத்த நடைமுறையாகவே ஆகிவிட்டது. 2019 அக்டோபர் முதல் வழங்கப்படும் மாறும் வட்டியிலான வீட்டுக்கடன் போன்றவை ரெப்போ முதலிய வெளி அளவுகோல்களுடன் இணைக்கப்பட்டுள்ளன. எனவே அக்குழுவில் மாற்றுக்கருத்து வலுத்து வருகிறதா என்பதை அறிவது, வருங்கால வட்டிப் போக்கை அனுமானிக்க ஓரளவு உதவும்.

சேமிப்பாளருக்கு இதன் பொருள் என்ன? ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 6.5 விழுக்காடு எளிய வட்டியில் வைத்திருக்கிறீர்கள் எனக் கொள்வோம். ஆண்டு முடிவில் கையில் 1,06,500 ரூபாய் இருக்கும். அவ்வாண்டு விலைவாசி 5 விழுக்காடு ஏறினால், முன்பு ஒரு லட்சத்துக்கு வாங்கிய பண்டங்களின் விலை இப்போது 1,05,000 ரூபாய். உங்களுக்கு 1,500 ரூபாய் மிச்சம். விலைவாசி 7 விழுக்காடு ஏறினாலோ அதே பண்டங்களுக்கு 1,07,000 ரூபாய் வேண்டும்; வட்டி வாங்கிய பின்னும் 500 ரூபாய் குறைவு. வருமான வரி இருப்பின் குறைவு இன்னும் கூடும். விலைவாசியைப் பற்றிய அறிஞர்களின் விவாதத்தில் சேமிப்பாளருக்கு உள்ள பங்கு இதுதான்.

கேட்பவர் கைக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகள்

பொருளியல் கருத்து எதைக் கேட்டாலும் பின்வரும் ஐந்து கேள்விகளை மனத்தில் எழுப்பிக்கொள்வது நலம்.

1. இவர் சொல்வது நடந்த செய்தியா, அதன் காரணமா, அல்லது தம் விருப்பமா?

2. இந்த எண் எப்படிக் கிடைத்தது? அதில் நம் மரச்சீனியைப் போல் விட்டுப்போனது ஏதேனும் உண்டா?

3. இதனால் பயன்பெறுவோர் யார், இழப்போர் யார்? இரு தரப்பையும் இவர் குறிப்பிடுகிறாரா?

4. இவருக்கு இதில் தனிப்பட்ட ஆதாயம் உண்டா? உண்டெனில் அதனைத் தெரிவித்தாரா?

5. தம் கணிப்பு பிழையாகிவிட்டது என்பதை எந்த நிகழ்வு காட்டும் என்று இவர் கூறுகிறாரா?

ஐந்தாவது கேள்விக்கு விடை தருபவர் சிலரே. அவ்வாறு தருபவரின் சொல்லுக்கு, நீங்கள் உடன்படாவிடினும், மதிப்பளிக்கலாம். எல்லாவற்றுக்கும் உறுதியான விடை வைத்திருப்பவரிடம் சற்று விழிப்போடு இருக்கலாம். வைப்புப் பணத்தை எவ்வளவு காலத்துக்கு, எத்தனை பகுதிகளாகப் பிரித்து வைப்பது என்பதை ஒரு தொலைக்காட்சிக் கணிப்பை மட்டும் நம்பி மாற்ற வேண்டியதில்லை. வெவ்வேறு காலங்களில் முதிர்வடையும்படி வைப்புகளைப் பிரித்து வைப்பவருக்கு, வட்டி ஏறினாலும் இறங்கினாலும் பேரிழப்பு நேர்வதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெரு, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விலைகளின் ஏற்ற இறக்கங்களைக் கண்டு வருகிறது. இங்கு ஒரு வணிகர் சரக்கு எடுக்கும்போது ஒரு கடையில் மட்டும் விலை கேட்பதில்லை. நாலு கடையில் கேட்டு, சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து, எடையைச் சரிபார்த்த பின்னரே பணம் தருகிறார். பொருளியல் கருத்துகளுக்கும் அந்த நடைமுறையே பொருந்தும். அறிஞர்கள் முரண்படுவது அந்தத் துறையின் குறை என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. முரண்பாடு மறைக்கப்படாமல் நம் முன் வைக்கப்படும் வரையில், எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது.